காது மெஷினும் நாகஸ்வரமும்

காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின்களில் பெரும்பாலும் 2 மைக்குகள் இருக்கும். நடுவில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் இடைவெளி. எதிரிலிருந்து வரும் ஒலி முதல் மைக்கைத் தொட்டபின் அடுத்ததைத் தொட, ஒரு நொடியில் லட்சத்தில் 3 பங்கு நேரம் ஆகும். அந்த வித்தியாசத்தை வைத்தே மெஷின் முன்னால் இருப்பவர் பேச்சைத் தூக்கிக் கொடுத்து, பின்னால் வருவதை அமுக்குகிறது. இந்த மெஷின்களைத் திருச்சியில் காதுக்குப் பொருத்தி, கம்ப்யூட்டரில் அளவு வைத்துத் தருவது என் தொழில்.

ஸ்மார்ட் என்று விற்கும் மெஷின் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இது பேச்சு, இது இரைச்சல், இது இசை என்று தானே முடிவு செய்கிறது. பேச்சின் சத்தம் நொடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்கும். பஸ் இன்ஜினும் ஃபேனும் ஒரே சீராக ஓடும். சீராக ஓடுவதைக் குறைத்துவிடு என்பது அதற்குக் கற்பித்த விதி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாட்டில் நாகஸ்வரம் ஒலிக்கும்போதுதான் தடுமாறுகிறது. அங்கே குறுக்கிடுவது வேறொரு ஏற்பாடு. மெஷினிலிருந்து கசியும் ஒலி திரும்ப மைக்குக்குள் நுழைந்தால் கீச்சென்று விசிலடிக்கும். அதை அடக்க, எதிர் அலை ஒன்றை உண்டாக்கி அழிக்கும் ஏற்பாடு உள்ளே உண்டு. நாகஸ்வரக்காரர் ஒரு சுரத்தை அசைக்காமல் நீட்டிப் பிடித்தால், மெஷின் அதையும் தன் விசிலென்றே நினைத்து அழிக்கப் பார்க்கிறது. கேட்பவர் காதில் சுரம் நடுங்குகிறது. நாயனம் நின்ற பிறகும் ஒரு போலி ஒலி இழுக்கிறது.

சித்திரை வீதிப் பெரியவர் ஒருவர் ரிப்பேர் என்றுதான் கொண்டுவந்தார். கோளாறு ஏதுமில்லை. எவ்வளவு நேரம் மாட்டினார் என்பதை மெஷினே பதிந்து வைக்கும். எடுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 2 மணி நேரம்கூட இல்லை. "கோயிலுக்குப் போறப்போ கழட்டிடுவேன் சார், நாயனத்த அது கெடுத்துடுது" என்றார். அவர் வாழ்க்கையில் பாதிக்குமேல் கோயில்தான்.

அவருக்கென்று தனி புரோகிராம் வைத்தேன். இரைச்சல் குறைப்பை நிறுத்தி, மைக்கை எல்லாத் திசைக்கும் திறந்து, விசிலடக்கியைத் தளர்த்தினேன். அதைத் தளர்த்தினால் ஒலி கசியக் கூடாது, காதுக்குள் மாட்டும் மோல்டு கச்சிதமாக உட்கார வேண்டும். தாடை அசையும்போது காதுக்குழாயும் வடிவம் மாறும். அதனால் நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்து, அச்சு எடுக்கும் பசையை நிரப்பியதும், அவரை மெல்லப் பாசுரம் சொல்லச் சொன்னேன். வாய் மூடி எடுத்த அச்சில் செய்த மோல்டு, அவர் சேவிக்கத் தொடங்கியதும் விசிலடித்திருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. மார்கழியில் ஆயிரங்கால் மண்டபத்தில் அரையர் சேவை கேட்க, எந்த புரோகிராமும் போதாது. கல்லில் பட்டுத் திரும்பும் எதிரொலியை மெஷினால் முழுதாகப் பிரிக்க முடியாது. கிட்டே போய் உட்காரத்தான் வேண்டும். தெருவில் நடக்கிறவருக்கோ பின்பக்க ஒலியை அமுக்கவே கூடாது. ஸ்கூட்டர் பின்னால்தான் வருகிறது.

விலைகூடிய மெஷினானாலும் அரசு இலவசமாகத் தரும் மெஷினானாலும், முதல் நாள் வைக்கும் அளவு ஊகம்தான். கேட்கவில்லை என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எந்தச் சத்தம் கேட்கவில்லை, எது தொந்தரவு என்று குறித்துக்கொண்டு, வீட்டார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பொருத்தியவரிடம் இன்னொரு முறை போங்கள்.