கமென்ட்டில் ஓடிய ரயில்

செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் 2010 செப்டம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை வேலை. 1904-ல் வண்டி ஓடத் தொடங்கிய மலைப்பாதை அது. நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதுமே கையில் கேமரா வைத்திருந்தவர்களெல்லாம் ஒரு நடை போய் ஏறிக்கொண்டார்கள். யாருக்கும் படமெடுத்துப் பழக்கமில்லை. நோக்கியா போனிலும், மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேமிலும் அகப்பட்டதை எடுத்து யூட்டியூபில் ஏற்றினார்கள். அந்த நாளில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் ஒரே பயணம் பார்ட் 1, பார்ட் 2 என்று துண்டு துண்டாகக் கிடக்கும். பார்ட் 3-ஐத் தேடினால் இருக்காது. ஆர்வம் அதற்குள் தீர்ந்திருக்கும், அல்லது பிரவுசிங் சென்டரில் காசு தீர்ந்திருக்கும்.

ரயிலை விடுங்கள், அது 2018-ல் அகலப்பாதையில் திரும்பி வந்துவிட்டது. எனக்கு வேண்டியது அந்த வீடியோக்களுக்கு அடியில் இருந்த கமென்ட்டுகள்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று யாரோ எடுத்தது. 240பி-யில் முகங்களெல்லாம் அரைத்த மாவு போல இருக்கும். காற்று மைக்கில் அடித்துப் பாதிப் பேச்சு கேட்காது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் வண்டி நுழைந்ததும் திரை கருப்பாகிவிடும். விவரம் தெரிந்தவராயிருந்தால் அந்த இடத்தை வெட்டியிருப்பார், இவர் அப்படியே விட்டிருந்தார். கருப்புத் திரையில் பெட்டி முழுக்க ‘ஓ’வென்று கத்துகிற சத்தம் மட்டும் ஓடும். ஒரு குழந்தை வீறிட்டு அழும். “ஒண்ணுமில்லடா, இந்தா வெளிச்சம் வந்துரும்” என்று ஒரு பெண் குரல். வெளியே வந்ததும், தலையில் துண்டு போட்ட ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வழியில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்க, எடுத்தவர் இறங்கி முன்னால் ஓடியிருக்கிறார். படம் குலுங்கோ குலுங்கென்று குலுங்கும். அங்கே ஸ்டேஷன் ஆள் ஒருவர் வளையம் ஒன்றை இன்ஜின் பக்கம் நீட்டுவார். “என்னமோ குடுக்காரு, பாரு” என்று எடுத்தவரின் குரல். அவ்வளவுதான், பார்ட் 2 முடிந்தது.

அது என்னவென்று சொன்னவர் கீழே இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார். தம்பி, அது டோக்கன். வளையத்தில் தொங்கும் தோல்பைக்குள் ஓர் உலோகப் பந்து இருக்கும். அது கைக்கு வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கக் கூடாது. ஒற்றைப் பாதையில் எதிரே இன்னொரு வண்டி வராது என்பதற்கு அந்தப் பந்துதான் உத்தரவாதம். இதை விளக்கிவிட்டு, உன் கேமரா ஆடுகிறது, கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு எடு என்று ஒரு புத்திமதியும் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அந்தப் பாதையில் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஓர் அம்மா, மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போய்வந்தால் காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு வைப்பார்கள் என்று எழுதினார். மஸ்கட்டிலிருந்து ஒருவர், எழும்பூரிலிருந்து செங்கோட்டை வழியாகப் போன கொல்லம் மெயிலில் சின்ன வயதில் போனதைச் சொன்னார். பின்னாலும் ஓர் இன்ஜின் மாட்டியிருக்கிறதே, வண்டி ரிப்பேரா என்று ஒரு பையன் கேட்டான். அது பேங்கர், ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் என்று மலையாளி ஒருவர் பதில் போட்டார். சண்டையும் உண்டு. செங்கோட்டையே எங்கள் திருவிதாங்கூர்தானே என்று ஒருவர் கிளப்ப, 1956-லேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது, போய் வேலையைப் பார் என்று இன்னொருவர் எகிற, நடுவில் யாரோ பதிமூன்று கண் பாலம் எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த வீடியோவைப் பார்த்ததைவிட அதன் கீழே படித்த நேரம்தான் அதிகம். எடுத்தவருக்கு அந்தப் பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து உட்கார அதுவே இடம் கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

யூட்டியூபின் முதல் வீடியோவே வீட்டு வீடியோதான். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் மிருகக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று 19 விநாடி பேசியது, 2005 ஏப்ரலில் ஏற்றியது. 2013 நவம்பரில் கமென்ட் போட கூகுள் பிளஸ் கணக்கு வேண்டும் என்று ஆக்கியபோது, அதே கரீம் இதெல்லாம் எதற்கு என்று தன் பக்கத்தில் எரிச்சலோடு கேட்டார். கணினியில் கெட்டிக்காரருக்கே அப்படி என்றால், பேரனை உட்காரவைத்து கமென்ட் அடிக்கச் சொன்ன பெரியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் ரயில்வேக்காரரை அதற்குப் பிறகு எங்கும் நான் பார்க்கவில்லை.

இப்போது அதே பாதையை டிரோன் வைத்து எடுக்கிறார்கள். குறை சொல்ல முடியாத படம். பாலத்தின் பதிமூன்று வளைவும் மேலிருந்து தெரிகிறது, கீழே நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸின் நிறம்கூடத் தெரிகிறது. எடுப்பவர் படித்துவிட்டு வருகிறார். எப்போது கட்டினார்கள், எத்தனை குகை, எங்கே நல்ல புரோட்டா கிடைக்கும், எல்லாம் சொல்லி, பெல் பட்டனை அழுத்தச் சொல்லி முடிக்கிறார். கீழே போனால் இதயமும் நெருப்பும் ‘சூப்பர் ப்ரோ’வும். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டால் பார்க்கிறவனுக்குச் சொல்ல என்ன மிச்சமிருக்கிறது?

நான் சொன்ன பழைய வீடியோ இன்று இல்லை. லிங்க்கைத் தட்டினால் சாம்பல் நிறக் கட்டம் வருகிறது. எடுத்தவர் கணக்கை மூடிவிட்டாரோ என்னவோ. வீடியோ போனால் அதன் கமென்ட்டும் கூடவே போய்விடும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. படத்தை மட்டும் யாரோ இறக்கி வைத்திருந்து வேறொரு சேனலில் ஏற்றியிருக்கிறார்கள், மேலே ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டு. குகைக்குள் திரை கருப்பாகும் இடத்தை வெட்டிவிட்டார்கள். அழுத குழந்தையும் சமாதானம் சொன்ன குரலும் அதோடு போயிற்று. உப்பு வைத்த அம்மாவும் மஸ்கட்காரரும் அங்கே இல்லை.

வளையம் நீட்டுகிற காட்சி மட்டும் இருக்கிறது. அதன் கீழே, பெரியவர் எழுதியதை ஞாபகத்திலிருந்து நானே அடித்துப் போட்டேன். கையை மார்போடு வைத்து எடுக்கச் சொன்னதையும் விடவில்லை. சில வாரம் கழித்து ஒரு பையன் கேட்டிருந்தான்: “அந்தப் பந்து தொலைஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவாங்க அங்கிள்?”

இது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ரயில்வேயில் இருந்தவர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் தம்பிக்குப் பதில் சொல்லுங்கள் என்று போட்டுவைத்திருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை ஒரு இதயம் விழுந்திருக்கிறது.