ஆடிக் காற்றும் பத்துக்கு இருபதும்

சேலத்தில் ஆடி பிறந்தால் காற்றும் பேனரும் சேர்ந்தே வரும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊரிலுள்ள மற்ற மாரியம்மன் கோயில்களிலும் பண்டிகை தொடங்கிவிடும். குகையில் வண்டி வேடிக்கை. அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டத்தில் ஆடிப் பெருக்கு, கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. ஒவ்வொன்றுக்கும் வரவேற்புப் பேனர்கள், அவற்றில் விழாக்குழுவினரின் முகங்கள், அவர்களை வாழ்த்துபவர்களின் முகங்கள். அம்மியையே பறக்கவைக்கும் என்று நாம் பழமொழி சொல்கிற மாதத்தைத்தான் பேனர் கட்டுவதற்கும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம்.

படித்தது பொறியியல் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொடுக்கும் அழுத்தம், அதன் வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் கிடைக்கும் என்பது கட்டுமானக் கணக்கில் புழங்கும் சூத்திரம். பத்துக்கு இருபது அடி பேனர் என்றால் சுமார் 18.6 சதுர மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் விசை ஏறத்தாழ 80 கிலோ. காற்று 60 கிலோமீட்டர் ஆனால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகிவிடும். 300 கிலோவைத் தாண்டும். இதைத் தாங்கி நிற்பவை இரண்டு மூன்று சவுக்குக் கம்புகள், ரீப்பர் கட்டையில் அடித்த சட்டம், கொஞ்சம் கட்டுக்கம்பி. ஒரு மாட்டின் எடைக்குச் சமமான விசை தள்ளும்போது அவை என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. எந்த விண்ணப்பத்திலும் அந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை.

2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில், பலத்த காற்றில் ராட்சத விளம்பரப் பலகை ஒன்று இரும்புச் சட்டத்தோடு சரிந்தது. அதில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். கோவைச் சாலையில் விழுந்த பலகைக்குச் சேலத்தில் மூன்று வீடுகள் துக்கம் காத்தன.

தமிழ்நாட்டில் இதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. திறந்தவெளிகளின் தோற்றம் கெடுவதைத் தடுக்க 1959லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. சாலையோர விளம்பரங்களுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1972ல் தனியாக வழிகாட்டி நெறி வெளியிட்டது. டிஜிட்டல் பேனர் வைக்க நில உரிமையாளரின் சம்மதம், காவல்துறையின் தடையின்மைச் சான்று, முன்கூட்டியே விண்ணப்பம், பேனரிலேயே அச்சிட்ட அனுமதி விவரம் என்று எல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனர்களில் போடக் கூடாது என்றது. அடுத்த மாதமே கோவை அவிநாசி சாலையில் ஓர் இளைஞர் இறந்தார். விழாவுக்காக நட்டிருந்த அலங்கார வளைவின் கட்டைகளை ஊர் காரணமாகச் சொன்னது, காவல்துறை லாரியைச் சொன்னது. அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியைச் சாலையிலேயே எழுதிவைத்தார்கள். 2018 டிசம்பரில் நீதிமன்றம் பேனர்களுக்கே இடைக்காலத் தடை விதித்தது. ஒன்பது மாதம் கழித்து, 2019 செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணப் பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. நிலைகுலைந்து சாலையில் விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவரும் என்னைப் போல மென்பொருள் பொறியாளர். 2023 ஏப்ரல் 13ல் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வாரத்தில் கருமத்தம்பட்டி.

முகத்தைத் தடுத்துப் பார்த்தோம். மொத்தமாகத் தடுத்துப் பார்த்தோம். விதியைப் புதிதாக எழுதியும் பார்த்தோம். ஆனால் பேனர் சாய்வது அதில் யார் முகம் இருக்கிறது என்பதனால் இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவின் கில்பர்ட் என்ற ஊரின் கதை உதவும். அரிசோனாவில் உள்ள அந்த ஊரின் பலகை விதிகளில், தேர்தல் பலகை 32 சதுர அடி வரை இருக்கலாம், கருத்தைச் சொல்லும் பலகை 20 சதுர அடி வரை இருக்கலாம், ஒரு நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகை மட்டும் 6 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. அதுவும் நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லாமல் இடம் மாற்றி மாற்றி ஞாயிறு ஆராதனை நடத்திய ஒரு சிறிய திருச்சபை வழக்குப் போட்டது. 2015 ஜூன் 18ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, இந்தப் பாகுபாடு செல்லாது என்றது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகே எந்த விதி பொருந்தும் என்று சொல்ல முடியுமென்றால், அது பேச்சையே கட்டுப்படுத்தும் விதி என்பது அதன் சாரம்.

அதன் பிறகு அங்கே சின்னச்சின்ன ஊர்கள்கூட நகரத் திட்ட ஆலோசகர்களை அமர்த்தித் தங்கள் பலகை விதிகளைத் திருத்தி எழுதத் தொடங்கின. ஆலோசகரின் முதல் வேலை எளிமையானது. பழைய விதியை வரிவரியாக வாசித்து, 'யார் வைக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள்' என்று கேட்கும் இடங்களைக் குறிப்பது. பிறகு அந்த இடங்களில் 'எவ்வளவு பெரியது, எவ்வளவு உயரம், சாலையிலிருந்து எத்தனை அடி, எத்தனை நாள்' என்ற கேள்விகளை வைப்பது. என் தொழிலில் இதற்கு ஈடான வேலை உண்டு. நிரலுக்குள் ஆட்களின் பெயர்களை நேரடியாக எழுதி வைத்திருந்தால், நாளைக்குப் புதிதாக ஒருவர் வரும்போது எல்லாம் உடையும். பெயரை எடுத்துவிட்டு அளவை வைத்தால் யார் வந்தாலும் ஓடும்.

எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடலாமே என்று கேட்கலாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ அதைத்தான் செய்தது. 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 'தூய நகரம்' சட்டத்தால் சுமார் 15,000 விளம்பரப் பலகைகள் இறங்கின. படங்களில் பார்த்தால் எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் பேனரில் யார் முகம் இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் நான் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். என் மாமா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவர் முகம் தெருவுக்கு வந்தது ஒரே ஒரு முறை, எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வைத்த பேனரில், தாய்மாமன் என்ற பெயரோடு. ஆத்தா இறந்தபோது மூன்று மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாகிவிட்டது. பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் கொடுக்க முடியாதவர்களுக்கு 'நாங்களும் இந்த ஊர்தான்' என்று சொல்ல அதைவிட்டால் வேறு வழி இல்லை. சாவுக்கு யாரும் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க முடியாது. கடைப்பிடிக்கவே முடியாத விதியை எளியவரும் மீறுவார், வலியவரும் மீறுவார். பிறகு அபராதம் மட்டும் ஆள் பார்த்து வரும்.

2016ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த சேலத்துக்கு ஆலோசகர்கள் புதியவர்கள் அல்ல. நாமக்கல் 2024ல்தான் மாநகராட்சி ஆனது; அதற்கு இது நல்ல வாய்ப்பு. இந்த இரண்டு ஊர்களில் ஏதாவது ஒன்று பலகை விதிக்கு ஓர் ஆலோசகரை அமர்த்தினால் நான் சில விஷயங்களைக் கேட்பேன். வார்டுக்கு நான்கைந்து இடங்களில் மாநகராட்சியே காற்று விசையைக் கணக்கிட்டு இரும்புக் கம்பங்கள் நட்டு நாள் வாடகைக்கு விடட்டும். அமைச்சரை வரவேற்கவும் ஆத்தாவுக்கு அஞ்சலி செலுத்தவும் ஒரே அளவு, ஒரே வாடகை. அனுமதி அன்றைக்கே கிடைக்கட்டும். ஆடியிலும் கோடை மழைக் காலத்திலும் உயரத்தைக் குறைக்கட்டும். ஊரில் எத்தனை பேனர் இருந்தாலும் எல்லாம் சில பிளெக்ஸ் மெஷின்கள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. அனுமதி எண் இல்லாமல் அங்கே அச்சு ஓடக் கூடாது.

கடைசி யோசனையைப் பெரியப்பா மகனிடம் சொன்னேன். பெரியப்பா அம்மாபேட்டையில் கடைகளுக்கு போர்டு எழுதியவர். தூரிகை ஓய்ந்த பிறகு அண்ணன் பிளெக்ஸ் கடை போட்டார்.

"கரை வேட்டி கட்டிட்டு நாலு பேரு வந்து நிப்பாங்க. அவங்ககிட்ட நம்பரு எங்கன்னு நான் கேக்கறதா? நல்லா இருக்குது தம்பி" என்றார்.

"நீங்க கேக்க வேண்டாங்ணா. கம்ப்யூட்டர் கேக்கும். நம்பர் போடலீன்னா மெஷின் ஓடாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா சரி. மெஷினு மேல பழி போட்டுக்கலாம்" என்றார்.

எளிய ஆள் வலிய ஆளுக்கு மறுப்புச் சொல்ல ஒரு சாக்கு வேண்டும். நல்ல விதி அந்தச் சாக்கைக் கொடுக்கும். அபராதத்தை உயர்த்தும் விதி அதைக் கொடுப்பதில்லை. அண்ணனை இரண்டு பக்கமும் அடி வாங்க வைக்கிறது.

அதற்கப்புறம் அவர் வேறு ஒன்றையும் சொன்னார். கம்பு கட்டும் பையன்கள் பெரிய பேனரில் பிறை வடிவில் ஆங்காங்கே கிழித்துவிடுவார்களாம். "காத்துக்கு வழி விடலீன்னா கம்பு நிக்காது. ஓட்டை முகத்து மேல வந்தா சண்டைக்கு வருவாங்கன்னு பாத்துப் பாத்துக் கிழிப்பானுங்க." எந்தச் சந்தில் காற்று திரும்பி அடிக்கும், எந்த முனையில் மண் பிடிக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியுமாம். கருமத்தம்பட்டியில் செத்துப்போன மூன்று பேருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏற வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். வரப்போகும் ஆலோசகரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க முடிந்தால், முதல் ஒரு வாரம் அவர் இந்தப் பையன்களோடு ராத்திரி வேலைக்குப் போய்வர வேண்டும் என்று சேர்ப்பேன்.