விடாக்கண்டன்

பின்சக்கர பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்ற எங்கள் தெரு மெக்கானிக் கேட்ட கூலி 1,200 ரூபாய். புது டிஸ்க்கை நானே வாங்கி வைத்திருந்தேன். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்கு இவ்வளவா என்று தோன்றியது. "நானே பாத்துக்கறேன்பா" என்றேன். அவர் வாதாடவில்லை. "சரி சார். ஹேண்ட்பிரேக் ஷூ டிஸ்க்குக்கு உள்ளதான் இருக்கு, பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். நானும் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீடு திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. பால்கனிக் கம்பியையே அரித்துத் தின்னும் உப்புக்காற்று. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்ற பழைய கார். டிஸ்க் வார்ப்பிரும்பு, அது உட்காரும் ஹப்பும் இரும்பு. நடுவில் துரு பூத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எதிரி யார் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி நகர்ந்துவிடக் கூடாதே என்று ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்தேன். முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். இடது சக்கரம் வந்தது. காலிப்பரைக் கழற்றி, ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். டிஸ்க்கின் முகத்தில் இருந்த இரண்டு ஸ்டார் ஸ்குருவும் மழுங்காமல் கழன்றன. "பார்த்தாயா?" என்று மனைவியைப் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டிஸ்க் மட்டும் அசையவில்லை.

துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு டீ குடித்தேன். சுத்தியலால் தட்டினேன். பிறகு அடித்தேன். எப்படியும் தூக்கிப் போடப்போகிற டிஸ்க்தானே என்று, பெரிய சுத்தியலைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வந்து ஓங்கி அடித்தேன். மறுபக்கம் அடிக்கலாம் என்று டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தேன், சுற்றவில்லை. ஹப்போடு ஒட்டியிருந்தாலும் ஹப்பும் சேர்ந்து சுற்றத்தானே வேண்டும்? அதை யோசிக்கவில்லை. "அடேயப்பா, என்ன துரு!" என்று வியந்தேன். அது கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டன்.

கடைசி ஆயுதமாக, டிஸ்க்கில் மரையோடு இருந்த இரண்டு ஓட்டைகளில் 8 மி.மீ. போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினேன். போல்ட் முனை ஹப்பில் முட்டி, டிஸ்க்கை வெளியே தள்ள வேண்டும். டிஸ்க் ஒரு நூல் அளவு கோணலாக வந்தது. உள்ளே எதுவோ 'டக்' என்றது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மணி பன்னிரண்டு. போன் சார்ஜ் தீர்ந்திருந்தது. காருக்குள் குனிந்து சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லப் பார்வையைக் கீழே இறக்கினேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில், காலையில் நான் இழுத்த இடத்திலேயே, லிவர் நிமிர்ந்து நின்றது.

பட்டனை அழுத்தி இறக்கினேன். வெளியே வந்து டிஸ்க்கை ஒற்றை விரலால் தள்ளினேன். உரசிக்கொண்டே சுற்றியது. இரண்டு மணி நேரமாக ஒரு கையால் பிடித்து வைத்துக்கொண்டு மறுகையால் அடித்திருக்கிறேன்.

டிஸ்க்கின் முகத்தில் ஒரு ரப்பர் மூடி இருந்தது. காலையிலிருந்து அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைப் பிடுங்கி, ஓட்டை வழியே ஸ்குருடிரைவரை விட்டு, உள்ளே இருந்த பல்சக்கரத்தை நாலைந்து பல் தளர்த்தினேன். ஷூக்கள் உள்வாங்கின. டிஸ்க்கைத் தட்டினேன், கையோடு வந்தது. கூடவே ஷூவிலிருந்து பெயர்ந்த லைனிங் துண்டும், வளைந்த பின் ஒன்றும் தரையில் விழுந்தன. துரு? ஹப்பில் ஒரு பூச்சு இருந்தது, எமரி பேப்பருக்கே போய்விட்டது.

வலதுபக்கத்தைத் தொடவில்லை. இடதுபக்கத்தில் ஷூ இல்லாமலே புது டிஸ்க்கை மாட்டி, கால்பிரேக்கை மட்டும் நம்பி மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். போகும் வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து 'ஊம்' என்று ஒரு முனகல். சுத்தியல் அடியை வாங்கியது டிஸ்க் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் இருந்த பேரிங்கும்தான்.

அவர் எதுவும் கேட்கவில்லை. வலதுபக்கத்தை முதலில் எடுத்தார். சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்தார், கதவைத் திறந்து லிவரை இறக்கினார். சக்கரத்தைக் கழற்றி, ரப்பர் மூடியைப் பிடுங்கினார். பழைய டிஸ்க் வெளியே வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

ஷூ செட், பின், ஸ்பிரிங், பேரிங் எல்லாம் சேர்த்து பில் 7,850 ரூபாய். அதில் அவர் கூலி 1,200.