ஓட்டுகிறவன் முதுகு

நம்மூர் பைக் கடையில் போய் ‘பேக்ரெஸ்ட்’ என்று கேட்டால், பின்னால் உட்காருகிறவருக்கானதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 2020 நவம்பரில் மீட்டியர் 350 வந்தபோது, ஸ்டெல்லார் மாடலில் பின்சீட்டுக்குச் சாய்மானம் கம்பெனியிலேயே வந்தது. ஓட்டுகிறவன் முதுகுக்கு ஒன்றுமில்லை. ஹார்லி, கோல்டுவிங் ஓட்டுகிறவர்களுக்கு அதற்கென்றே கழற்றி மாட்டும் சாய்மானங்கள் கிடைக்கின்றன. சென்னையில் நான் கேட்ட கடைக்காரர், “ஓட்டுறவருக்கா? பேசாம கார் வாங்கிருங்க சார்” என்றார்.

பத்து வருடம் கோடு எழுதியதில் கீழ்முதுகில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. அம்மா இருப்பது ராஜபாளையத்தில். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். பொதிகையில் படுத்துக்கொண்டே போகலாம்தான். ஆனால் பைக் ஓட்டுகிறவனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருக்கும். மற்ற பைக்குகளில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றிக் கொஞ்சம் எழுந்துகொள்ளலாம். இதில் அது வராது. அடி நேராகத் தண்டுவடத்துக்குப் போகும். சாய்மானம் அந்த அடியைத் தாங்காது. அதற்கு ஷாக் அப்சார்பரும் நல்ல ஃபோமும்தான் வேண்டும். சாய்மானத்தின் வேலை வேறு. நேரமாக ஆக இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன ஆரம்பிக்கும், அதைத் தடுக்கும். எண்பதுக்கு மேல் போகும்போது காற்று நெஞ்சைத் தள்ளும். முதுகுக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் அந்தத் தள்ளலைக் கைகள்தான் வாங்கும். மதுரை வந்து சேரும்போது வலிப்பது முதுகு மட்டுமல்ல, தோளும்தான்.

வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. போர்வையை இறுக்கச் சுருட்டிப் பைக்குள் வைத்துப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு திண்டிவனம் வரை போனேன். பெல்ட்டுக்குச் சற்று மேலே பட்டபோது சொர்க்கம். ஒரு சாண் ஏற்றிக் கட்டியதும் முன்னால் தள்ளியது. வளைவில் உடம்பைத் திருப்பவே முடியவில்லை. ஆக உயரமும் அகலமும் அல்ல, இடம்தான் முக்கியம். சின்னதாக இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஏறி இறங்க அதற்கு மேலே காலைத் தூக்க வேண்டும். முதுகு வலிக்காரனால் முடியாத காரியமே அதுதானே.

ராஜபாளையத்தில் பஸ் சீட்டும் ஆட்டோ சீட்டும் தைக்கிற குஷன் கடை அண்ணனிடம் அளவைச் சொன்னேன். ஃபோமை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, “பின்னால யாரு உக்காருவா?” என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்காத கேள்வி.

அம்மா உட்காருவாள். நான் ஊரில் இருக்கிற பிரதோஷத்துக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாதர் கோவிலுக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும். பிரசவ வலியில் தவித்த பெண்ணுக்குத் தாய் வடிவில் வந்து சிவன் பேறுகாலம் பார்த்ததாகக் கதை உள்ள கோவில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்து, வலது கையை என் தோளில் வைத்துக்கொள்வாள். லாரி நெருங்கினால் விரல்கள் இறுகும். அவளுடைய ஹாரன் அது.

அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்துக்காட்டியதும் அம்மா சொன்னாள்: “ஏய்யா, எனக்கும் உனக்கும் நடுவுல செவரு எழுப்பப்போறியா?”

கேலிதான், ஆனால் சரியான கேள்வி. பிரேக் போட்டால் பின்னால் இருக்கிறவர் முன்னால் சரிவார். அப்போது அவர் மேல் படுவது என் முதுகாக இருக்காது, இரும்புக் கம்பியாக இருக்கும். ஒருபக்கமாக உட்காருகிற, அறுபது தாண்டிய ஒருத்திக்கு விலா எலும்பில் படும் உயரம். அவள் கைக்குத் தோளும் எட்டாது.

சாய்மானமே வேண்டாம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அம்மாவைப் பார்க்க வருவதே அந்த 500 கிலோமீட்டரைத் தாண்டித்தான். பின்சீட்டுக்கு அடியில் போல்ட் போட்ட ஒரு பட்டை, அதில் செருகும் ஒற்றைக் கம்பி, ஒரு பின். பின்னை இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிட வேண்டும். விலை பேசும்போது அதற்கு மட்டும் நான் வாதாடவில்லை.

இப்போது வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அதைக் கழற்றிவிடுகிறேன். திண்ணையில் கிடக்கும். சாயங்காலம் பூக்கூடையை அம்மா அதன் மேல்தான் வைக்கிறாள்.