கட்டாத இடத்துக்கு முதல் கோடு

திருமலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பயணிகளின் கண் மலையேற்றம் தொடங்கும் அலிபிரியில்தான் இருக்கும். அதே சேஷாசல மலையின் அடிவாரத்தில், சற்றுத் தள்ளி, திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்த மறு வருடமே, 1954-ல், டங்குடூரி பிரகாசம் முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்டது. வளாகம் சுமார் ஆயிரம் ஏக்கர்.

ஆயிரம் ஏக்கர் என்றதும் புதிதாக வருபவருக்கு, எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று தோன்றும். பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் பல காலம் இருந்தவர்கள் அப்படி நினைப்பதில்லை. அவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் தேடுவது எங்கே கட்டக்கூடாது என்பதைத்தான். மலையிலிருந்து இறங்கும் ஓடை எது, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், எந்தச் சரிவு காட்டோடு ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் குறித்துவிட்டுத்தான் கட்டடத்துக்கு இடம் பார்ப்பார்கள்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை 2021 நவம்பர் காட்டியது. வங்கக்கடல் தாழ்வு மண்டலம் கொண்டுவந்த மழையில் கபிலதீர்த்தத்து அருவி சீறிப் பாய்ந்தது. திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடாயின. ராமச்சந்திராபுரம் பக்கத்து ராயலச்செருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழேயிருந்த ஊர்களைக் காலி செய்ய வேண்டிவந்தது. மலையடிவார ஊரில் நீர்வழி என்பது வருடத்தில் பதினோரு மாதம் வெறும் மணல் தடமாகத்தான் தெரியும். கோடையில் சர்வே எடுக்கிறவர் கண்ணுக்கு அது நல்ல மனை. அதன் குறுக்கே ஒரு சுற்றுச்சுவர் எழுப்பி, சின்னக் குழாய் ஒன்றைப் பதித்து மேலே சாலை போட்டுவிட்டால், அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் விடுதியின் தரைத்தளத்துக்குள் வந்து நிற்கும். அனுபவமுள்ள பொறியாளர் அந்த இரண்டு மாதங்களில் ஒரு பெருமழை நாளில் குடையோடு வளாகத்தைச் சுற்றி வருவார். எந்தக் கல்வெர்ட்டில் தண்ணீர் முட்டி நிற்கிறது என்பதைக் கான்ட்டூர் வரைபடத்தைவிட அந்த நடை தெளிவாகச் சொல்லிவிடும்.

காட்டோரம் இருப்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக வளாகத்திலும் அருகிலுள்ள வேதப் பல்கலைக்கழகத்திலும் அண்மை ஆண்டுகளில் சிறுத்தை நடமாட்டம் பலமுறை செய்தியாகியிருக்கிறது. உடனே கேட்கப்படுவது வேலியும் விளக்கும். அவை வேண்டியவைதான். ஆனால் விடுதிச் சமையல்கூடத்தின் எச்சில் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மிச்சச் சோறு திறந்து கிடந்தால் நாய்களும் பன்றிகளும் கூடும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். மூடிய குப்பை அறையை மலைப் பக்கம் வைக்காமல் சாலைப் பக்கம் வைப்பதும், இரவு நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் பாதையைப் புதர் ஓரமாக விடாமல் கட்டடங்களுக்கு நடுவே கொண்டுபோவதும் வரைபட மேசையில் முடிவாக வேண்டிய விஷயங்கள். 1983-ல் என்.டி. ராமராவ் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் படிக்கும் ஊரில் இந்தப் பாதைகள் பிறகு பார்த்துக்கொள்ளும் சங்கதி அல்ல.

பிறகு பணம். அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டடத்தின் பெயரில்தான் வரும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடியில் எஸ்டிமேட் போடுகிறவர், சாலையும் தண்ணீர்க் குழாயும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். இப்படித்தான் எத்தனையோ வளாகங்களில் விளையாட்டு மைதானத்தின் ஓரமும் பழைய மரத்தோப்பும் கரைந்துபோயின. 2013-ல் வந்த ரூசா என்ற மத்திய அரசின் உயர்கல்வித் திட்டம் உள்கட்டமைப்பு நிதியில் 35 சதவீதத்தைப் புதுக் கட்டடத்துக்கும், 35 சதவீதத்தைப் பழையதைச் சீரமைக்கவும், 30 சதவீதத்தைக் கருவிகளுக்கும் என்று பிரித்தது. சீரமைப்புக்கும் புதுக் கட்டடத்துக்கும் சம பங்கு கொடுத்தது மிகச் சரியான முடிவு. திறப்பு விழா இல்லாத வேலைக்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்தால்தான் காசு கிடைக்கும்.

இடம் போதவில்லை என்று ஒரு துறை புதுக் கட்டடம் கேட்டால், முதலில் கால அட்டவணையைக் கேட்டு வாங்குவது இந்தத் தொழிலின் பால பாடம். வாரத்துக்கு 30 மணி நேரம் நடத்தக்கூடிய வகுப்பறையில் 15 மணி நேரம்தான் வகுப்பு நடக்கிறது, அப்போதும் பாதி இருக்கைதான் நிறைகிறது என்றால், அந்த அறையின் உண்மையான பயன்பாடு கால் பங்கு மட்டுமே. பூட்டுச் சாவி ஒவ்வொரு துறையிடமும் தனித்தனியாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. அறைகளைப் பொதுவில் வைக்கச் சொன்னால் பேராசிரியர்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

விடுதி விஷயத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே தண்ணீர்தான் தீர்ப்புச் சொல்லும். இந்தியத் தர நிர்ணயப்படி விடுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஆயிரம் மாணவர் விடுதிக்கு 1,35,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியானால், தினம் பதினான்கு நடை. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பி வரும். சுத்திகரித்து மரங்களுக்கும் கழிப்பறைக்கும் விட வழி செய்யாமல் விடுதிக்கு அடிக்கல் நாட்டுவது, வரப்போகும் கோடையில் மாணவர்களைக் காலிக் குடத்தோடு நிற்கவைப்பதற்குச் சமம்.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில் உள்ள குப்பத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் இடத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடத் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. ஆனால் வற்றாத ஆறு பக்கத்தில் இல்லை. அகன்ற நிலத்தில் கட்டடங்களைத் தூரத் தூரமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் குழாய், கேபிள், சாலை, காவலாள் எல்லாம் நீளும். நடந்துபோகும் தூரத்துக்குள் நெருக்கிக் கட்டி, மீதியை மழைநீர் பிடிக்கும் நிலமாக விடுவதே அங்கே கட்டுப்படியாகும்.

திருப்பதி மாவட்டத்து ஏர்ப்பேடு வேறு விதம். 2014 மாநிலப் பிரிவினைச் சட்டம் உறுதியளித்த ஐ.ஐ.டி. 2015-ல் திருப்பதியில் தனியார் கல்லூரிக் கட்டடத்தில் தற்காலிகமாக வகுப்பைத் தொடங்கி, படிப்படியாக ஏர்ப்பேட்டுக்கு இடம் மாறியது. நிரந்தர வளாகத்தைப் பிரதமர் 2024 பிப்ரவரி 20 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். மத்திய அரசின் பணம் ஒரே திட்டமாக வந்ததால் சாலை, வடிகால், மின்சாரம், கட்டடம் எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க முடிந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதே அரிது.

ஆனால் அவற்றின் கட்டடங்கள்தான் நாளைக்கு வேறு பல்கலைக்கழகங்களாக வளர்கின்றன. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் அனந்தபூர் முதுநிலை மையம் 1981-ல் ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகமானது; கடப்பை மையம் 2006-ல் யோகி வேமனா பல்கலைக்கழகமானது. நாலு துறைக்கென்று தொடங்கிய மையம் ஒருநாள் துணைவேந்தர் அலுவலகத்தையும் தேர்வுப் பிரிவையும் தாங்க வேண்டியிருக்கும். விரிவுக்கு ஒரு பக்கம் திறந்து விட்டிருந்தால் பிழைத்தது.

ஆகவே திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மானியம் வருமுன், வளாகத்தின் ஓடைகள், பள்ளங்கள், காட்டோரம், கட்டக்கூடாத நிலம் ஆகியவற்றைக் குறித்த வரைபடத்தை ஆட்சிமன்றக் குழுவில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். துணைவேந்தர் மூன்று ஆண்டுகளில் மாறுவார், பொறியாளர் ஓய்வு பெறுவார். தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால் அடுத்து வருபவர் அதே குழுவின் முன் வந்து காரணம் சொல்லியாக வேண்டும்.