விண் கூவினால் மூத்தவன்

அன்ரொயிட் போன் ஒன்றை வயர் போட்டுக் கொம்பியூட்டரில் இணைத்தால் அதன் உள்ளறைகள் வரிசையாகத் திறக்கும். படங்களுக்கு ஒரு பெட்டி, பாட்டுகளுக்கு ஒன்று, இறக்கியெடுத்தவற்றுக்கு ஒன்று. அவற்றுக்கு நடுவே ‘றிங்ரோன்ஸ்’ என்றொரு பெட்டி பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். போனோடு வந்த சத்தமே போதும் என்று விட்டுவிடுவதால் அதை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. எனக்கு அந்த வெறும் பெட்டிமேல் தீராத ஆசை. எந்தச் சத்தத்தையும் அதற்குள் போடலாம். போட்டபின் அது யாரோ ஒருவரின் வரவைச் சொல்லும் சத்தமாகிவிடும்.

அச்சுவேலியில் இருக்கும் பெரியம்மாவால்தான் அந்த ஆசைக்கு ஒரு வேலை கிடைத்தது. கண்ணில் புரை வளர்ந்து, திரையில் வரும் பெயரும் படமும் அவருக்கு வெறும் வெளிச்சமாகிவிட்டன. பிள்ளைகளில் பெரியண்ணா ரொறன்ரோவில், சின்னண்ணா லண்டனில், தங்கச்சி கொழும்பில். யார் எடுத்தாலும் ஒரே மணி. “ஆர் எண்டு தெரியாமல் எடுக்கிறது இருட்டுக்குள்ளை கதவு திறக்கிற மாதிரிக் கிடக்கு, தம்பி” என்றார்.

“ஆளுக்கொரு சத்தம் போட்டுத் தாறன், பெரியம்மா.”

“போடு. ஆனால் ஆருக்கு எது எண்டு நான்தான் சொல்லுவன்.”

தொலைபேசிக்குத் தொடக்கத்தில் மணியே இருக்கவில்லை. 1876இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற கருவியில், மறுமுனையில் இருப்பவரைக் கூப்பிட வழி ஏதும் கிடையாது. கருவியின் வாயில் தட்ட வேண்டும், அல்லது கத்த வேண்டும். பெல்லின் உதவியாளர் தோமஸ் வாற்சன்தான் மின்காந்தத்தால் அடிக்கும் மணியை 1878இல் செய்து முடித்தார். அதன்பிறகு நூறு வருசத்துக்குக் குறையாமல் உலகம் முழுவதும் அந்தக் கிணுகிணுப்புத்தான். கலியாணச் செய்திக்கும் அதுவே, செத்தவீட்டுச் செய்திக்கும் அதுவே.

அந்த ஒற்றை மணியின் கனம் யாழ்ப்பாணத்தாருக்கு நன்றாகத் தெரியும். 1995இன் போர்க்கால இடப்பெயர்வு முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில், வெளிநாட்டுப் பிள்ளையோடு பேச ‘கொமினிகேசன்’ கடைக்குப் போக வேண்டியிருந்தது. சுவரோரம் ஒரு வாங்கு கிடக்கும். நேரம் சொல்லிவைத்த கோலுக்காக வந்தவர்களும், சொல்லாமலே ஒருவேளை வரும் என்று வந்தவர்களும் அதில் நெருக்கியடித்து இருப்பார்கள். மேசையில் மணி அடித்ததும் வாங்கு முழுவதும் நிமிரும். கடைக்காரர் ரிசீவரைக் காதில் வைத்து ஒரு பெயரைச் சொல்வார். ஒருத்தி எழும்பி ஓடுவாள். மற்றவர்கள் மீண்டும் சுவரில் சாய்வார்கள். பெரியம்மா அந்த வாங்கில் இருந்தவர்.

2002 சமாதான காலத்தில் ஏ-9 வீதி திறந்து, கைபேசிகள் வந்து பெருகியபோது வாங்கும் கலைந்தது. நோக்கியா மெட்டு ஊரெல்லாம் கேட்டது. பிரான்சிஸ்கோ தாரேகா என்ற ஸ்பானியக் கிற்றார்க் கலைஞரின் 1902ஆம் ஆண்டு வால்ட்ஸ் ஒன்றின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த சின்னத் துண்டு அது. எந்த இசையில் எந்தத் துண்டை வெட்டுவது என்ற முடிவு அன்று ஒரு கம்பனியின் கையில் இருந்தது. இன்று ஒரு கொம்பியூட்டரும் ஒரு வயரும் இருந்தால் பெரியம்மாவின் கையில் இருக்கிறது. அவர் அதைச் சும்மா விடவில்லை.

சின்னண்ணா சின்ன வயதில் திருவிழா மேளத்துக்குப் பின்னாலேயே திரிந்தவர். அவருக்கு இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவில் என்று பெரியம்மா ஒரே சொல்லில் முடித்தார். தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்துவிட்டார். அம்ஷன் குமார் 2015இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருதும் பெற்றது. ஆனால் எங்கள் வீடுகளில் அவர் வாழ்வது பழைய கஸெற்றுகளில்தான். பெரியம்மா வீட்டுக் கஸெற்றை ரேப்பில் ஓடவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து கொம்பியூட்டருக்கு வயர் கொடுத்து, அவுடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் பதிந்தேன். ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு கூரிய கோடாக எழுந்தது. தவிலின் இரு முகங்களில் தொப்பியைத் தடியால் அடிப்பார்கள், வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களால் வாசிப்பார்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் தொப்பியின் கும்காரம் அமுங்கிவிடும். வலந்தலை மட்டும் கணீரென்று வரும். முதுமையில் காது முதலில் இழப்பது மிகக் கீச்சான ஒலிகளை, சின்ன ஸ்பீக்கர் தர முடியாதது மிகத் தாழ்ந்த ஒலிகளை. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் இடத்தில்தான் அந்த விரல்கள் ஓடுகின்றன. அவை தனியே பேசும் இடமாகத் தேடி வெட்டினேன்.

தங்கச்சிக்குப் பாண் ஓட்டோவின் மெட்டைப் போடலாமா என்று கேட்டேன். பீத்தோவன் 1810இல் எழுதி, அவர் இறந்து நாற்பது வருசத்தின் பின் 1867இல் அச்சேறிய ‘ஃபூர் எலீஸ்’ அது. இலங்கையின் ஒழுங்கைகளில் பாண் வருவதற்கு அதுதான் அறிவிப்பு. தங்கச்சிக்கு அதைக் கேட்டால் இப்போதும் வாயூறும். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அது பாண்காரன்ரை சத்தம். அவனுக்கெண்டே இருக்கட்டும்.” ஒருவருக்குரிய சத்தத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் நேர்ந்து பெற்ற பிள்ளை தங்கச்சி. பூசகர் வாய்கட்டிப் பூசை செய்யும் அந்தக் கோயிலின் மணிச்சத்தத்தைப் பதிந்து கொண்டுவந்தேன்.

பெரியண்ணாவுக்கு எது என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. “விண்” என்றார்.

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று எழும்பியதும் எங்கள் பக்கம் பட்டம் ஏறும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்கு நடக்கும் பட்டப் போட்டியை இன்று எத்தனையோ பேர் படம்பிடித்துப் போடுகிறார்கள். படத்தில் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது பாதிதான், மீதி காதுக்குரியது. பெரிய பட்டத்தில் ஒரு வில்லைப் பூட்டுவார்கள். மூங்கிலைச் சீவி வளைத்து, முனைக்கு முனை நார் இழுத்துக் கட்டுவார்கள். முன்னர் பனைமட்டை நார், பிறகு பெட்டிகளைக் கட்டி வரும் பாசல் நார். காற்று குறுக்கே போக நார் அதிர்ந்து கூவும். அதுதான் விண்.

பெரியண்ணா நார் சுரண்டும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. போத்தல் ஓட்டின் விளிம்பால், ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் சுரண்டுவார். தடிப்பு மிஞ்சினால் குரல் கரகரக்கும். மெலிந்துபோனால் காற்றுப் பலத்ததும் அறுந்துவிடும். அடிக்கடி நாரை வெய்யிலுக்கு எதிரே பிடித்து, வெளிச்சம் எங்கும் ஒரேயளவாக ஊடுருவுகிறதா என்று பார்ப்பார். பூட்டி முடிந்ததும் வில்லில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றிக் கேட்பார். நாங்கள் சுற்றி நிற்போம், யாரும் கதைக்கக்கூடாது. முகம் சுளித்தால் மறுபடி கழற்றல், மறுபடி சுரண்டல். பொழுதுபட்டாலும் பட்டத்தை இறக்கமாட்டார், கயிற்றைப் பூவரச மரத்தில் கட்டிவிட்டுச் சாப்பிட வருவார். இரவு முழுவதும் அது மேலே நின்று கூவும். ஊரில் பல பட்டங்கள், பல விண்கள். பாயில் கிடந்தபடியே இது மேற்கு ஒழுங்கைக்காரருடையது, இது பெரியண்ணாவுடையது என்று பிரித்துவிடுவோம். அவருடையது கொஞ்சம் கீழ்க்குரல். காற்று இழுக்கும்போது ஒரு சுருதி ஏறி, பிறகு மெல்ல இறங்கும். நடுச்சாமத்தில் அது நின்றால் பெரியம்மா எழும்பி இருந்துவிடுவார். “கயிறு அறுந்திட்டுதுபோலை” என்பார்.

இன்றும் விண் கட்டும் பொடியன்கள் ஊரில் இருக்கிறார்கள். தை மாதத்து மாலையொன்றில் தோட்டவெளியில் ஒருவனின் பட்டத்துக்குக் கீழே போய் நின்றேன். நல்ல விண், ஆனால் மேற்குரல்.

“கொஞ்சம் கீழ்க்குரலாய் வருமோ, தம்பி?”

“நாரை இளக்கினால் வரும், அண்ணை.”

பட்டத்தை இறக்கி, நாரை இளக்கி, திரும்ப ஏற்றிக் காட்டினான். காற்று நேரே மைக்கில் மோதி இரைந்தது. லேஞ்சியை இரண்டாக மடித்து மைக்கின்மேல் பிடித்தபின் அடங்கியது. வீட்டுக்கு வந்து மிச்ச இரைச்சலை வடிகட்டினேன். துண்டு முடிந்ததும் போன் அதையே தொடக்கத்திலிருந்து திரும்ப ஓட்டும். ஆகவே சுருதி ஏறத் தொடங்கும் இடத்தில் ஆரம்பித்து, இறங்கி அதே உயரத்துக்கு வரும் இடத்தில் வெட்டினேன். ஒட்டு எங்கே என்று காதுக்குத் தெரியாது.

இத்தனை நுணுக்கமாகக் கேட்கும் காது விண்ணால் மட்டும் வளர்ந்ததல்ல. பலாலி விமானத்தளத்துக்குக் கிட்டக் கிடக்கும் ஊர் எங்களுடையது. ஹெலி, சியாமாசெட்டி, புக்காரா, சகடை என்று போர்க்கால விமானங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் பட முன்னரே காதில் பட்டுவிடும். எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடுவது, எதற்கு முற்றத்தில் நிற்கலாம் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. 1990இல் மின்சாரம் போனபின் உலகமும் காது வழியாகத்தான் வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னில் பிபிசி தமிழோசை கேட்டோம். கஸெற் போட்டால், சுற்றுகிற கை களைக்கக் களைக்கப் பாடகரின் குரலும் தாழ்ந்து இழுபடும். பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகி, இப்போது சென்னையிலிருந்து பயணிகள் வந்திறங்குகிறார்கள். அந்த விமானத்துக்கும் பெரியம்மா கைவேலையை நிறுத்திவிட்டு ஒரு கணம் காது கொடுக்கிறார். பயத்தில் கூர்மையான காது பயம் போனபின்னும் மழுங்குவதில்லை. அதற்குச் சந்தோசமான வேலை ஒன்று கொடுப்பதுதான் நாங்கள் செய்யக்கூடியது.

துண்டுகளை அந்தப் பெட்டிக்குள் போட்டு, ஒவ்வொரு பெயரையும் திறந்து அதற்குரிய சத்தத்தைக் கொடுத்தேன். சிம்மில் சேமித்த இலக்கங்களுக்குத் தனிச் சத்தம் வைக்க முடியாது, முதலில் அவற்றைப் போனுக்கு மாற்ற வேண்டும். இப்போது விண் கூவினால், எடுக்க முன்னரே, “மூத்தவன் வேலையாலை வந்திட்டான்” என்கிறார் பெரியம்மா. தவில் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு ஆறுதலாக வருகிறார், சின்னண்ணா எடுக்கும்வரை விடமாட்டார் என்று தெரியும். சந்நிதி மணிக்கு மட்டும் கொஞ்சம் விறுவிறுப்பு, ஏனென்றால் தங்கச்சியின் பிள்ளைகளும் கதைப்பார்கள். தெரியாத இலக்கங்களுக்குப் போனோடு வந்த சத்தத்தையே விட்டிருக்கிறேன். அதை அவர் எடுப்பதில்லை, எடுக்கத் தேவையும் இல்லை.

விசயத்தைக் கேள்விப்பட்டுப் பெரியண்ணா தனக்கும் விண் வேண்டும் என்றார். அவருடையது ஐபோன். அதற்குத் துண்டைச் சுருக்கி, ‘எம்4ஆர்’ என்ற வகைக்கு மாற்றி, கொம்பியூட்டர் வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. அனுப்பிவைத்தேன். அங்கே வேலைத்தலத்தில் அது கூவினால் அம்மா எடுக்கிறார் என்று அர்த்தமாம்.

பிள்ளைகள் புதுப் போன் வாங்கிக் கொடுக்கும்போது இந்த ஏற்பாடு கலைந்துபோகலாம். ஆகவே துண்டுகளின் பிரதியைக் கொம்பியூட்டரிலும் வைத்திருக்க வேண்டும். வீட்டில் கண் மங்கிய முதியவர் இருந்தால், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அவர் பக்கத்தில் இருங்கள். சத்தங்களை நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எது என்று அவரிடமே கேளுங்கள். அதை அவர் எப்போதோ தீர்மானித்து வைத்திருப்பார்.