முதற்சொல் யாருடையது?



நாம் முதன்முதலில் எழுதிய சொல்லை நமக்காகத் தெரிந்தெடுத்தது பாடநூலே. அதைக் குழந்தையே தெரிந்தெடுக்கட்டும் என்றார் ஓர் ஆசிரியை. அவர்தாம் 1908-இல் நியூசிலாந்தில் பிறந்த சில்வியா ஆஷ்டன்-வார்னர்.

அவரிடம் பயின்ற மாவோரி இனக் குழந்தைகளுக்கு, பிறர் வாழ்வைக் கூறும் பாடநூல்கள் அந்நியமாயிருந்தன. ஆகவே, ஒவ்வொரு குழந்தையும் விரும்பிக் கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அச்சத்திலும் அன்பிலும் பிறந்த சொற்களையே அவர்கள் கேட்டனர்: பேய், முத்தம்! மறுநாள் குழந்தை ஒரு சொல்லை மறந்திருந்தால் அவர் குழந்தையைக் கடியவில்லை; அட்டையையே விலக்கினார். அச்சொல் உள்ளத்தில் வேரூன்றவில்லை என்பதே அவர் கருத்து. நிலைத்த சொற்களோ வாக்கியங்களாய், கதைகளாய் வளர்ந்தன.

இம்முறையை விளக்கும் ‘டீச்சர்’ என்ற நூல் 1963-இல் வெளிவந்தது. 1970-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், 1984-இல் மறைந்தார்.

தோழியரே! பொதுத்தேர்வுக்காகக் கட்டுரைகளை நெட்டுருச் செய்யும் காலம் இது. மதிப்பெண் தேவையே. ஆயினும், நமக்கென்று ஒரு சொல்லும் இன்றிப் பள்ளியை விட்டுச் செல்வது தகுமோ? இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்கலாமோ? நாள்தோறும் நான்கு வரியேனும் நம் சொந்தச் சொற்களில் எழுதுவோம்!